ஆறாம் வேற்றுமையின் விலை

2015 ஏப்ரல் 21 அன்று லண்டனில் போன்ஹாம்ஸ் ஏல நிறுவனம் மைசூர் திப்பு சுல்தானின் ஆயுதங்கள் சிலவற்றை விற்றது. வெள்ளிப்பூண் இட்ட சக்கிமுக்கித் துப்பாக்கி ஒன்று அவற்றுள் இருந்தது. ஒரே குழலில் இரண்டு குண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு அடுத்தடுத்துச் சுடும் அமைப்பு கொண்டது அது; 7,22,500 பவுண்டுக்குப் போனது. அதே நாளில், 40,000 முதல் 60,000 பவுண்டு வரை போகும் என்று மதிப்பிடப்பட்டிருந்த ஒரு வெண்கலப் பீரங்கி 14,26,500 பவுண்டை எட்டியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2019 மார்ச் மாதம், இங்கிலாந்தின் பெர்க்ஷயர் பகுதியில் ஒரு வீட்டின் பரணில் கிடைத்த திப்புவின் ஆயுதங்கள் வேறொரு சிறிய நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தன. அவற்றிலும் வெள்ளிப்பூண் இட்ட சக்கிமுக்கித் துப்பாக்கி ஒன்று இருந்தது. 14 கேள்விகளுக்குப் பின் அது 60,000 பவுண்டில் நின்றது.

அரசர் ஒருவரே; ஆயுதச் சாலையும் ஒன்றே; வெள்ளிப்பூணும் ஏறத்தாழ ஒரே வகை. விலையோ பன்னிரண்டு மடங்கு வேறுபட்டது. இந்திய ரூபாயில் கணக்கிட்டால், ஏறத்தாழ ஏழு கோடிக்கும் ஐம்பத்தைந்து இலட்சத்துக்கும் இடைப்பட்ட தூரம்.

வாள்களின் கதை இதைவிடக் குழப்பமானது. 2023 மே 23 அன்று திப்புவின் படுக்கையறை வாள் 1,40,80,900 பவுண்டுக்கு விற்றது. 15 முதல் 20 இலட்சம் பவுண்டு என்பதே அதற்கு முன்கூட்டி வைத்த மதிப்பு. அதே ஆண்டு அக்டோபரில் கிறிஸ்டீஸ் நிறுவனம், கார்ன்வாலிஸ் பிரபுவிடம் இருந்த திப்புவின் வாள் ஒன்றை அதே மதிப்பீட்டோடு ஏலத்துக்கு வைத்தது. அது விற்கவே இல்லை. ஐந்து மாத இடைவெளியில் ஒரே பெயர் ஒருமுறை ஏழு மடங்கையும் மறுமுறை வெறுங்கையையும் தந்தது.

இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் இருவகை விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. பணக்காரர்களின் பித்து என்பது ஒன்று. வரலாற்றுக்கு விலை மதிப்பில்லை என்பது மற்றொன்று. இரண்டுமே எதையும் விளக்குவதில்லை. பித்து என்றால் அக்டோபரில் அது எங்கே போயிற்று? விலை மதிப்பில்லை என்றால் 60,000 என்ற எண் எங்கிருந்து வந்தது?

*

முதலில் ஏலத்தின் இயக்கத்தைப் பார்க்க வேண்டும். ஏல அட்டவணையில் அச்சாகும் மதிப்பீடு ஒரு முன்கணிப்பு அன்று; அது ஓர் அழைப்பு. மதிப்பீட்டைத் தாழ்த்தி வைத்தால் தயங்குபவரும் உள்ளே வருவார். உள்ளே வந்தவர் ஒருமுறை கையுயர்த்திவிட்டால் அப்பொருள் பாதி தம்முடையது ஆகிவிட்டதுபோல் உணர்வார். உயர்த்தி வைத்தால் முதல் கேள்வியே வராமல் போகலாம். ஆகவே 40,000 என்று போட்ட பீரங்கி 14 இலட்சத்தைத் தாண்டியதை மதிப்பிட்டவரின் அறியாமை என்று கொள்ள வேண்டியதில்லை. அந்தத் தாழ்வே உயர்வுக்கான படியாக அமைந்திருக்கக் கூடும்.

இரண்டாவது, ஏலத்தில் விலையை நிர்ணயிப்பவர் வென்றவர் அல்லர், தோற்றவர். வென்றவர் எவ்வளவு வரை போகத் தயாராக இருந்தார் என்பது யாருக்கும் தெரியாது. இரண்டாம் இடத்தில் இருந்தவர் எங்கே நிறுத்தினாரோ அதற்கு ஒருபடி மேலேதான் சுத்தியல் விழுகிறது. வில்லியம் விக்ரி 1961-இல் எழுதிய கட்டுரையிலிருந்து ஏலக் கோட்பாட்டின் அடிப்படை இதுவே. மைசூர்த் துப்பாக்கி ஒன்றைத் தீராத ஆசையோடு தேடும் செல்வர் உலகில் மூவர்தாம் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் இருவர் மோதினால் விலை வானத்துக்குப் போகும். மற்றொரு நாளில் ஒருவர் நோயுற்றிருந்தால், இன்னொருவர் சென்ற மாதமே வேறொன்றை வாங்கிவிட்டிருந்தால், மூன்றாமவர் மலிவாக எடுத்துச் செல்வார். பொருள் மாறவில்லை, அறையில் இருந்தவர் மாறினார். இத்தனை சிறிய சந்தையில் ‘சராசரி விலை’ என்று ஒன்றைத் தேடுவதே வீண்.

மூன்றாவது, வாங்குபவர் இரு வகையினர். தம் சுவருக்காக வாங்குபவர் ஒருவகை. நாளை விற்பதற்காக வாங்குபவர் மற்றொரு வகை. முன்னவருக்குத் தம் ஆசையே அளவுகோல். பின்னவர் பிறரின் மதிப்பை ஊகித்தாக வேண்டும். பலர் ஊகிக்கும் இடத்தில் மிகையாக ஊகித்தவரே வெல்வார். வென்ற கணமே அவர் அதிகம் கொடுத்துவிட்டார் என்பதும் உறுதியாகிறது. எண்ணெய் வயல்களின் ஏலத்தை ஆராய்ந்த பொறியாளர் மூவர் 1971-இல் இதைக் கண்டு எழுதினர். ‘வென்றவரின் சாபம்’ என்பது அதற்கு நிலைத்த பெயர். பால் மில்குரோம், ராபர்ட் வில்சன் ஆகியோருக்கு 2020-இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்ததும் இத்தகைய ஏலங்களைப் பற்றிய ஆய்வுக்காகவே.

இணையம் இதனை எளிதாக்கவில்லை. ஏலம் முடியும் நொடி முன்பே குறிக்கப்பட்டிருந்தால், ஆர்வத்தைக் கடைசிவரை மறைத்து இறுதி நொடியில் கேட்பது இலாபம். ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002-இல் ஈபே ஏலங்களையும் அமேசான் ஏலங்களையும் ஒப்பிட்டுக் காட்டியது இதைத்தான். முடிவு நேரம் கறாராக இருந்த ஈபேயில் கடைசி நொடிக் கேள்விகள் குவிந்தன. புதிய கேள்வி வந்தால் நேரம் நீளும் அமேசானில் அவை குறைந்தன. ஈபே 1999-இலேயே துப்பாக்கி விற்பனையை நிறுத்திவிட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய கன்புரோக்கர் தளம், கடைசிக் கேள்வியிலிருந்து 15 நிமிடம் அமைதியாகக் கழிந்தால்தான் ஏலம் முடியும் என்று விதி வைத்தது. ஒரே துப்பாக்கி, கடிகாரம் வேறு என்றால், விலையும் வேறாகலாம். அந்நாட்டில் 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கி சட்டத்தின் பார்வையில் பழம்பொருள். 1899-இல் செய்யப்பட்டது ஆயுதம். ஓர் ஆண்டின் வேறுபாடும் வாங்குவோர் எண்ணிக்கையை மாற்றிவிடும்.

இத்தனையும் சொன்ன பிறகும் ஒரு மீதம் இருக்கிறது. இருவர் ஏன் மோதுகிறார்கள்? எதன்மேல் மோதுகிறார்கள்? இரும்பின்மேல் அன்று. இங்கேதான் பொருளியல் நின்று இலக்கணம் தொடங்குகிறது.

*

‘திப்புவின் துப்பாக்கி’ என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். ‘திப்புவின்’ என்பதில் வரும் ‘இன்’னைச் சாரியை என்பர் மரபிலக்கணத்தார், இக்கால மொழியியல் அதை ஆறாம் வேற்றுமையின் வடிவமாகவே கொள்ளும். எப்படிக் கொண்டாலும் அது சொல்லும் உறவு கிழமைப் பொருள். நம் இலக்கணிகள் கிழமையை இரண்டாகப் பிரித்தனர். இராமனது கை என்பது தற்கிழமை. கை இராமனிலிருந்து பிரியாது. இராமனது வீடு என்பது பிறிதின்கிழமை. வீடு கைமாறலாம், இராமன் இராமனாகவே இருப்பான்.

துப்பாக்கி ஐயத்துக்கு இடமின்றிப் பிறிதின்கிழமைப் பொருள். கைமாறியதால்தான் அது ஏலத்துக்கே வந்தது. ஆனால் ஏல மேடை விற்பது அதைத் தற்கிழமையாக ஆக்கித்தான். திப்புவின் கை, திப்புவின் வீரம், திப்புவின் முடிவு என்னும் வரிசையில் திப்புவின் துப்பாக்கியையும் நிறுத்தி, பிரியக் கூடாத ஒன்று பிரிந்து வந்திருப்பதாகக் காட்டும்போதுதான் விலை ஏறுகிறது.

அந்த ஒரு வேற்றுமைக்குள் எத்தனை உறவுகள் ஒளிந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். திப்புவின் ஆட்சியில் செய்யப்பட்டது, திப்புவின் ஆயுதச் சாலையில் இருந்தது, திப்புவுக்காகவே செய்யப்பட்டது, திப்பு கையில் ஏந்தியது, 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது அவர் அருகில் கிடந்தது. ஐந்தையும் தமிழ் ‘திப்புவின்’ என்ற ஒரே சொல்லால் சொல்லும், ஆங்கிலமும் அப்படியே. ஏல அட்டவணை எழுதுபவர்கள் இந்த ஐந்தையும் பிரித்துச் சொல்லும் தொழில்மொழி ஒன்றை வளர்த்திருக்கிறார்கள். இன்னாரின் ஆயுதச் சாலையைச் சேர்ந்தது, இன்னாருடையதாகக் கருதப்படுவது, இன்னார் பயன்படுத்தியதாகச் சொல்லப்படுவது என ஒவ்வொரு தொடருக்கும் ஒரு விலைப்படி உண்டு.

தமிழில் இதற்கு ஓரிடைச்சொல் இருக்கிறது. ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தானாம்’ என்பதற்கும் உள்ள தூரத்தை எந்தக் குழந்தையும் அறியும். ‘ஆம்’ என்பது சொல்பவர் தாம் கண்டதில்லை, கேட்டதையே சொல்கிறார் என்று அறிவிக்கும் சான்றுக்குறி. பழம்பொருள் ஏலத்தின் மதிப்பில் பெரும்பகுதி இந்த ‘ஆம்’ இருக்கிறதா, இல்லையா என்பதில் தங்கியிருக்கிறது.

இதற்கு இயற்கையே அமைத்துக் கொடுத்ததுபோன்ற ஒரு சோதனை பிரான்சில் நடந்தது. 1873 ஜூலை 10 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரில் கவிஞர் வெர்லேன் தம் நண்பர் ரேம்போவைச் சுட்டார். அந்தச் சுழல்துப்பாக்கி 2016 நவம்பரில் பாரிசில் 4,34,500 யூரோவுக்கு விற்றது. மதிப்பீடு 50,000 முதல் 60,000 வரை. 1890 ஜூலையில் வான்கா தம்மைச் சுட்டுக்கொண்டதாகக் கருதப்படும் சுழல்துப்பாக்கி 2019 ஜூனில் அதே பாரிசில் 1,62,500 யூரோவுக்கு விற்றது. மதிப்பீடு 40,000 முதல் 60,000 வரை. இரண்டும் லெஃபோஷோ வகையைச் சேர்ந்த 7 மில்லிமீட்டர் துப்பாக்கிகள். வெர்லேனின் துப்பாக்கிக்கு எண் இருந்தது. அந்த எண் விற்ற கடையின் பதிவேட்டில் இருந்தது. வான்காவின் துப்பாக்கியை 1965-இல் ஓர் உழவர் ஓவேர் கிராமத்து வயலில் கண்டெடுத்தார். குண்டின் அளவு பொருந்துகிறது, துருவின் ஆழம் பல்லாண்டு மண்ணில் கிடந்ததைக் காட்டுகிறது, கிடைத்த இடம் பொருந்துகிறது. ஆனாலும் ‘ஆம்’ நீங்கவில்லை. வான்காவின் புகழ் வெர்லேனின் புகழைவிடப் பன்மடங்கு பெரியது. இருந்தும் பதிவேட்டின் ஒரு வரி அந்தப் புகழை வென்றது.

அமெரிக்காவில் பில்லி த கிட் என்ற கொள்ளையனைக் கொன்ற கோல்ட் துப்பாக்கி 2021 ஆகஸ்டில் 60 இலட்சம் டாலரைத் தாண்டியதற்கும் காரணம் இதுவே. சுட்டவர் பாட் காரெட் என்ற ஷெரிஃப். துப்பாக்கி யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்ற சங்கிலி அறுபடாமல் இருந்தது.

இனி மைசூர்த் துப்பாக்கிகளுக்குத் திரும்பலாம். 2015-இல் விற்றவை ராபின் விகிங்டன் என்ற சேகரிப்பாளரின் தொகுப்பு. திப்புவின் துப்பாக்கிகளைப் பற்றி 1992-இல் வந்த நூலை எழுதியவர் அவரே. தாம் சேர்த்தவற்றுக்குத் தாமே இலக்கணம் எழுதியவர். வரிப்புலி அலங்காரம், ஹைதரின் பெயரைக் குறிக்கும் அரபு எழுத்து, நபியின் பிறப்பிலிருந்து கணக்கிடப்படும் மௌலூதி ஆண்டு, வலமிருந்து இடமாக எழுதப்படும் அதன் எண்கள் ஆகியவை எல்லாம் நூலேறிய சான்றுகளாக வாங்குவோர் முன் நின்றன. பொதுவெளியில் உறுதியான தகவல் பெருகினால் ஏலவிலை உயரும் என்று மில்குரோமும் ராபர்ட் வெபரும் 1982-இல் நிறுவியது இங்கே கண்முன் நடந்தது.

2019-இன் பரண் துப்பாக்கிக்கும் நல்ல கதை இருந்தது. அது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிட்ட கிழக்கிந்தியக் கம்பெனி மேஜர் ஒருவரின் வழியில் வந்தது. அதன் அடிக்கட்டையில் போர்ச் சேதம் தெரிந்தது. ஆகவே சுல்தான் இறுதிப் போரில் கையாண்டதாகவும் இருக்கலாம் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. அந்த ‘இருக்கலாம்’ விலையைத் தூக்கவில்லை. அதனோடு வேறொரு ஐயமும் சேர்ந்தது. களவுபோன கலைப்பொருள்களை மீட்கப் பாடுபடும் இந்தியா பிரைட் புராஜெக்ட் என்ற தன்னார்வக் குழு, இவை கொள்ளைப் பொருள்கள், திருப்பித் தரப்பட வேண்டும் என்று குரலெழுப்பியது. வாங்குபவருக்கு ஆறாம் வேற்றுமையில் இருமுனை அச்சம் உண்டு. பெயர் பொய்யாக இருந்தால் பணம் போகும். பெயர் மெய்யாக இருந்தாலோ, அந்தப் பெயருக்குரிய நாடு ஒருநாள் கதவைத் தட்டும்.

*

தமிழ்நிலத்து ஆயுதங்களுக்கு இப்படி ஒரு விலைப் புதிர் ஏன் எழவில்லை? இங்கே துப்பாக்கிகள் இல்லாமலா போயின?

தஞ்சாவூர் மராத்தியர் அரண்மனையில் பெரியதோர் ஆயுதச் சாலை இருந்தது. 1855-இல் அரசு கம்பெனியின் கைக்குப் போனபின், 1860-களில் அந்தச் சாலை கலைக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்துக்கென்று ஒரு பகுதி பொறுக்கி எடுக்கப்பட்டது. மிகுந்தவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக எடைக்கு விற்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்ஹவுஸ் 1878-இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் இதைப் பற்றி வருத்தத்தோடு எழுதினார். தப்பிய சில கட்டாரிகளும் வாள்களும் கடல்கடந்து நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வரை சென்றிருக்கின்றன. அவற்றுக்கு ஊர்ப்பெயர் மட்டுமே உண்டு. ஏந்தியவர் பெயரோ, வார்த்த கொல்லர் பெயரோ பெரும்பாலும் இல்லை.

தெற்கே நிலைமை இன்னும் கடுமை. பாளையக்காரர் போர் முடிந்த 1801 டிசம்பரில் கம்பெனி வெளியிட்ட அறிவிப்பு பாளையங்களில் ஆயுதம் ஏந்துவதைத் தடை செய்தது. 1878-இல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் அதை இந்தியா முழுமைக்கும் பரப்பியது. பறிமுதலான ஆயுதங்களுக்கு எண்ணிக்கை இருந்தது. உடையவரோடு அவற்றை இணைக்கும் ஆறாம் வேற்றுமை அறுந்துபோயிற்று. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொள்ளையடித்தவர்கள் ‘இது திப்புவினது’ என்று பெருமையோடு எழுதி வைத்தார்கள். அந்தப் பெருமையே இன்று சான்றாகி விலையாகிறது. தஞ்சையிலும் பாஞ்சாலங்குறிச்சியிலும் எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. கொள்ளைக்கு இருந்த பதிவேடு பறிமுதலுக்கு இல்லாமற்போனது வரலாற்றின் கசப்பான வேடிக்கைகளில் ஒன்று.

மும்பை செம்பூரை அடுத்த திலக் நகரில், வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு ஒன்றில் வாழும் முதியவர் ஒருவருக்கு இந்தச் செய்தி எந்த நூலும் இல்லாமல் தெரியும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இளம்வயதில் வந்தவர். குர்லாவின் பழைய இரும்புக் கிடங்குகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எடைபோட்டவர். இப்போது இரவுகளில் கைப்பேசியில் வெளிநாட்டு ஏலங்களைப் பார்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. எதையும் வாங்குவதற்கில்லை, எண்கள் ஏறுவதைப் பார்ப்பதில் ஒரு சுவை. திலக் நகரில் வளர்ந்தவர்களுக்கு இத்தகைய விலை புதிதன்று என்பார். பெரிய நடிகர் படம் வெளியான நாட்களில் சஹகார் திரையரங்கு வாசலில் கள்ளச்சீட்டின் விலை மணிக்கு மணி ஏறும். படம் தொடங்கிக் கால்மணி நேரம் ஆனபின் அதே சீட்டு வெறும் காகிதம். கேட்பவன் இருக்கும்வரைதான் விலை என்பதை அவர் அங்கே கற்றார்.

சென்ற ஆண்டு அவருடைய ஊரில் பழைய வீட்டை இடித்தபோது பரணிலிருந்து ஓர் இரும்புக் குழல் கிடைத்தது. கட்டை மக்கிப்போயிருந்தது. திரித் துப்பாக்கியின் குழல் என்று தோன்றியது. அண்ணன் மகன் படம் எடுத்து அனுப்பி, “சித்தப்பா, இது எவ்வளவுக்குப் போகும்னு பாத்துச் சொல்லுங்க” என்று கேட்டான். அவர் திருப்பிக் கேட்டார்: “ஏல, எடைக்குக் கேக்கியா, பேருக்குக் கேக்கியா?”

எடைக்கு என்றால் மூன்று கிலோ இரும்பு. பெயருக்கு என்றால், கட்டபொம்மன் படையில் இருந்த முன்னோர் ஒருவர் வைத்திருந்ததாம் என்று வீட்டுப் பெண்கள் சொல்லிவந்த ஒரு வாய்மொழி. சில வாரங்களில் பழம்பொருள் வாங்குபவர் ஒருவர் ஊருக்கு வந்தார். இரும்பின் விலையைப்போல் நூறு மடங்கு தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: இது கட்டபொம்மன் படைவீரருடையது, பரம்பரையாக எங்கள் வீட்டில் இருந்து வருகிறது என்று குடும்பத்தார் கையெழுத்திட்டு ஒரு தாள் தர வேண்டும்.

வீடு கட்டப் பணம் முட்டுப்பட்டிருந்த அண்ணன் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார். பொய் ஒன்றும் இல்லையே, ஆச்சி சொன்னதுதானே என்பது அவருடைய வாதம். திலக் நகர்த் தம்பி தொலைபேசியில் மறுத்தார். “ஆச்சி ‘வச்சிருந்தாராம்’னுதான் சொன்னா. நீங்க ‘வச்சிருந்தார்’னு எழுதப் போறீய. அந்த ஒரு எழுத்துக்குத்தான்ணே அவன் துட்டு தாரான்” என்றார். அண்ணன் சினந்து தொலைபேசியை வைத்துவிட்டார். பல வாரங்கள் பேச்சு இல்லை.

இறுதியில் அந்தத் தாள் எழுதப்படவில்லை. அதற்குப் பதிலாக, சித்தப்பாவின் சொற்படி அண்ணன் மகன் வேறொரு தாள் எழுதினான். குழலின் நீளம், எடை, வாயின் விட்டம், எந்தப் பரணில் எந்தத் தேதியில் கிடைத்தது, யார் யார் உடனிருந்தனர், ஆச்சி சொன்னது என்ன, ஆச்சிக்கு அதைச் சொன்னவர் யார் என்பவை எல்லாம் அதில் உள்ளன. துருவைச் சுரண்டவில்லை. பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கு அதன் படி ஒன்று சென்றிருக்கிறது. வீடு கூரை இல்லாமல் நிற்கிறது. நேர்மைக்குப் பரிசு உடனே கிடைத்துவிட்டது என்று இந்த இடத்தில் எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை.

*

அந்தக் குழல் நாளை பெயர் பெற்றாலும் லண்டன் விலை அதற்குக் கிடைக்காது. நூறு ஆண்டு கடந்த இத்தகைய பொருளை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல முடியாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பழுதுபார்த்தாலும் சுடமுடியாத பழம்பெரும் ஆயுதங்களுக்கு விலக்கு அளிக்கிறது. சுடக்கூடியது என்றால் உரிமம் வேண்டும். 2019-இன் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக் கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரைத் துப்பாக்கியும் அந்தக் கணக்கில் அடங்கும். ஆக, ஒரே காலத்துத் துப்பாக்கி இரண்டு, 1799-இல் கப்பலேறியது ஒன்று, ஏறாதது ஒன்று என்றால், அவை இன்று இருவேறு சந்தைகளில் இருவேறு பொருள்கள். கொள்ளைபோனது கோடிகளுக்குப் போகிறது. வீட்டில் இருந்தது எடைக்குப் போகிறது.

சந்தையைத் தடுப்பது மட்டுமே வழி அன்று என்பதற்குப் பிரான்சு ஒரு சான்று. நெப்போலியன் தம் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணிய கைத்துப்பாக்கி இணை 2024 ஜூலையில் 16.9 இலட்சம் யூரோவுக்கு விற்றது. ஏலத்துக்குச் சற்று முன் அந்நாட்டு அரசு அவற்றைத் தேசியச் செல்வம் என்று அறிவித்து ஏற்றுமதியைத் தடுத்தது. வாங்குவதற்கு விலை சொல்ல 30 மாதம் தனக்கென எடுத்துக்கொண்டது. சந்தை விலை சொல்லட்டும், பொருள் இங்கே இருக்கட்டும் என்பது அந்த நிலைப்பாடு.

நம் நாட்டில் ஒரு பெயர் மீண்டுவந்த கதையும் உண்டு. சாண்டர்ஸைச் சுட பகத் சிங் பயன்படுத்திய .32 கோல்ட் கைத்துப்பாக்கி, இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்தில் மற்ற ஆயுதங்களோடு ஆயுதமாகப் பல்லாண்டு கிடந்தது. கறுப்பு வண்ணம் பூசப்பட்டிருந்தது. வண்ணத்தைச் சுரண்டியபோது 168896 என்ற எண் தெரிந்தது. வழக்கு ஆவணத்தில் இருந்த எண்ணும் அதுவே. 2017-இல் அது பஞ்சாபின் ஹுசைனிவாலாவுக்குச் சென்றது. ஏலம் இல்லை, சுத்தியல் இல்லை. ஓர் எண்ணும் ஓர் ஆவணமும் சந்தித்தபோது ‘பகத் சிங்கின்’ என்ற வேற்றுமை அந்த இரும்பில் மீண்டும் ஏறியது. அதன் மதிப்பு எவ்வளவு என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

இதன் மறுபக்கமாக, 2018-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் தூர்ந்த கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைசூர் இராக்கெட்டுகள் துருவேறிய நிலையில் எடுக்கப்பட்டன. திப்புவின் படையின் பெயரை உலகம் முழுவதும் கொண்டுசென்ற ஆயுதம் அது. அவற்றில் வெள்ளிப்பூண் இல்லை. எந்தப் பிரபுவின் பரணும் அவற்றின் வழிமரபில் இல்லை. ஏலக்காரருக்கு அவை ஒன்றுமில்லை. வரலாற்று மாணவருக்கோ அந்தச் சேற்றுக்குழியே பெரும்புதையல். விலையும் மதிப்பும் வேறு வேறு என்பதைச் சொல்ல இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மொழியும் வரலாறும் பயில்வோருக்கு இதில் ஒரு பணி காத்திருக்கிறது. ஏலவிலைகள் ஏன் கணிக்க முடியாதவை என்று வியப்பதோடு நிற்க வேண்டாம். அருங்காட்சியகங்களில் ‘துப்பாக்கி, 18-ஆம் நூற்றாண்டு’ என்ற ஒற்றை வரியோடு கிடப்பவற்றின் குழல்களில் உள்ள எழுத்துகளையும் எண்களையும் கொல்லர் முத்திரைகளையும் படித்துப் பட்டியலிட வேண்டும். ஊர்களில் கேட்கும் ‘ஆம்’களைப் பொய் என்று தள்ளாமலும், மெய் என்று விற்காமலும், ‘ஆம்’ என்றே பதிவுசெய்ய வேண்டும். ஒரு சான்றின் நேர்மை அது எவ்வளவு உறுதியாகப் பேசுகிறது என்பதில் இல்லை. தன் உறுதியின் அளவைச் சரியாகச் சொல்வதில் இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்து இளைஞன் எழுதிய அந்த ஒற்றைத் தாள் அவ்வகையில் பல ஏல அட்டவணைகளைவிட நல்ல ஆவணம். அதைப் போன்ற தாள்கள் ஆயிரம் சேர்ந்தால், தமிழ்நிலத்து ஆயுதங்களுக்கும் ஒரு நாள் ஆறாம் வேற்றுமை கிடைக்கும்.